ஒன்பதாவது குறிப்பு

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி அடித்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் நாற்பத்து மூன்று பேருடைய போன்களும் ஒன்றாகச் சிணுங்கும். அந்த நேரத்தில் ஒருத்தி யாருக்காவது தலை துவட்டிக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வேறொருத்தி ஏதோ ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருப்பாள். எல்லோரும் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள். படுக்கையில் கிடப்பவர்களை, நடமாட முடியாதவர்களை அவரவர் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, உட்கார வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவது அவர்கள் வேலை. போனில் வந்து விழுவது அலுவலகத்தின் வாரச் செய்தி. அதை எழுதி அனுப்புகிறவளுக்கு அவர்கள் வைத்த பெயர் வெள்ளிக்கிழமை அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அக்கா பிறந்ததிலிருந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவள் அல்ல. பதினோரு வருஷம் வீடு வீடாகப் போய் வேலை செய்தவள். ஒரு நாள் காலை, கனத்த உடம்புக்காரர் ஒருவருக்குப் படுக்கை விரிப்பு மாற்ற அவரை ஒருபக்கமாகப் புரட்டியபோது வலது தோளுக்குள் ஏதோ பிய்ந்தது. விரிப்பை மாற்றி முடித்து, அவருக்குத் தலையணையையும் சரி செய்துவிட்டுத்தான் அக்கா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அரை வாளித் தண்ணீருக்கு மேல் இனி எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது.

அலுவலகத்தில் நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் ஸ்டோர் ரூம் கதவுக்கும் நடுவில் ஒரு மேசை கொடுத்தார்கள். யாராவது ஸ்டோர் ரூமைத் திறக்க வந்தால் அக்கா எழுந்து நாற்காலியை உள்ளே தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது எழுந்திருப்பாள். "தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க, எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

மேலாளர் இதற்கு முன் ஒரு ஓட்டலில் வரவேற்பைப் பார்த்துக்கொண்டவர். சட்டை கசங்காது, குரல் உயராது. கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். எந்த விஷயம் வந்தாலும் அது எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் கேட்பார். வாரச் செய்தியை எழுத அதுவரை யாரும் ஆசைப்பட்டதில்லை. புதிதாக வந்தவள் தலையில் அது விழுந்தது.

முதல் சில மாதம் முன்பு இருந்தவர்கள் எழுதிய மாதிரியே அக்காவும் எழுதினாள். கையுறை வந்திருக்கிறது, விடுப்பு விண்ணப்பத்தின் நிறம் மாறியிருக்கிறது, பயிற்சி வகுப்பு இன்ன தேதி என்று. பிப்ரவரி மாதத்தில் ஒரு வாரம் அவசரத்தில் ஒரு தவறு செய்தாள். படுக்கைப்புண் வராமல் தடுப்பது பற்றிய வகுப்பு பிப்ரவரி முப்பதாம் தேதி என்று போட்டுவிட்டாள். கூடவே, வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும் என்று ஒரு மிரட்டலும். அனுப்பிய பிறகுதான் கவனித்தாள். யாராவது கேட்பார்கள், திருத்திவிடலாம் என்று காத்திருந்தாள். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. ஒருவரும் கேட்கவில்லை. புதன்கிழமை ஒரே ஒருத்தி வந்தாள்.

"அக்கா, முப்பதாம் தேதி எனக்கு லீவு வேணுமே. வீட்ல ஒரு விசேஷம்."

"எந்த மாசம் முப்பது?"

"இந்த மாசந்தான்."

அக்கா சிரிக்கவில்லை. லீவு கொடுத்து அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று நாள் முழுக்க எழுதுகிறவர்.

"நான் ரெண்டு மணி நேரம் மண்டையை உடைச்சிக்கிட்டு எழுதறேன். அவங்க ரெண்டு செகண்ட்ல விரலால தள்ளிட்டுப் போறாங்க."

"பஸ் போர்டுல என்ன எழுதியிருக்குன்னு எவன் படிக்கிறான்? நம்பரைப் பாக்கறான், ஏறிக்கிறான்" என்றார் அவர். "அவனுக்கு வேண்டியது அதுல அவ்வளவுதான்."

இது அக்காவுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரத்திலிருந்து அவள் எழுதும் விதம் மாறியது. பன்னிரண்டு விஷயம் இருந்தால் ஐந்தாகக் குறைத்தாள். உயிர் போகிற விஷயம் எதுவோ அது முதலில். விண்ணப்பத்தின் நிறமெல்லாம் கடைசியில், அல்லது இல்லவே இல்லை. பணியாளர்கள் வாயில் என்ன பெயர் புழங்குகிறதோ அதையே எழுதினாள்.

கூடவே ஒரு ரகசியமும் அவளுக்குத் தெரியும். மூத்த பணியாளர்களில் இரண்டு பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எதையாவது நீட்டினால் கண்ணாடி கொண்டு வரவில்லை என்பார்கள். ஒருத்திக்குக் கண்ணாடியே கிடையாது. அவர்களுக்காக, வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அந்த வாரச் செய்தியைப் போனில் பேசிப் பதிவு செய்தாள். எழுத்தோடு அந்தக் குரலும் போயிற்று.

"கால்வாய்ப் பக்கத்து மூணாம் மாடி அம்மாவுக்கு இடது காது சுத்தமாக் கேக்கறதில்ல. வலது பக்கம் நின்னு பேசுங்க. அவங்க கோவக்காரங்க இல்ல. கேக்கல, அவ்வளவுதான்" என்று ஒரு வாரம். "மர மில்லுக்கு எதிர் வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது. கண்டுக்காமப் போங்க" என்று ஒரு வாரம்.

அந்த மர மில் எதிர் வீட்டுக்குப் போகிறவள் ஓட்டக்காரி. முப்பது வயது இருக்கும். ஒல்லியான பெண். பதினோரு மணிக்குள் மூன்று வீடு முடிக்க வேண்டும் என்பதால் நடையே ஓட்டம். அப்படி வந்த பெயர். அவள் மறுநாள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் அக்கா, அது கடிக்கல. என் செருப்புல ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. ஒத்தச் செருப்போட அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த ஐயா, புதுசா வந்திருக்கிற யூனிஃபார்மான்னு கேக்கறார்."

அடுத்த வெள்ளிக்கிழமை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகவும் என்று செய்தி போயிற்று. நாற்பத்து மூன்று பேரும் கேட்டுச் சிரித்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் கேட்டார்கள் என்பதுதான் முக்கியம். வெள்ளிக்கிழமை அக்கா என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

ஒன்றரை வருஷம் இப்படி நடந்தது. பிறகு ஒரு புகார் வந்தது. கால்வாய்ப் பக்கத்து மூணாம் மாடி அம்மாளின் மருமகள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஒரு பணியாளர் சமையலறையில் நின்று அக்காவின் குரலைச் சத்தமாக வைத்துக் கேட்டிருக்கிறாள். மருமகள் காதில் விழுந்துவிட்டது.

"எங்க அத்தைக்கு எந்தக் காது கேக்கும், எந்தக் காது கேக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்களா? நாளைக்கு அவங்க பாத்ரூம் போறதையும் சொல்வீங்களா?"

அந்தப் பெண் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் வேறு ஒரு வீட்டைப் பற்றிக் கிட்டத்தட்ட அதையே சொல்லியிருந்தாள்.

விஷயம் தலைமை அலுவலகம் வரை போயிற்று. அங்கிருந்து ஒரு படிவம் வந்தது. வாரச் செய்தி இனி இந்தப் படிவத்தில்தான் போக வேண்டும். மொத்தம் பன்னிரண்டு தலைப்பு. வரிசை மாறக் கூடாது. முதல் தலைப்பு நிறுவனத்தின் நோக்கம். இரண்டாவது வருகைப் பதிவு. ஒன்பதாவது உபகரணங்கள். குரல் பதிவு கூடாது. பேச்சு வழக்குச் சொற்கள் கூடாது. மேலாளர் அதைக் கொடுத்தபோது சங்கடமாகத்தான் இருந்தார்.

"உங்க எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுத்துல ஒழுங்கா இருந்தாத்தான் நாளைக்கு நமக்குப் பாதுகாப்பு."

"நமக்குன்னா யாருக்கு சார்?" என்று அக்கா கேட்டாள். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். அவர் யோசித்துவிட்டு, "எல்லாருக்குந்தான்" என்றார்.

வாரச் செய்தி மறுபடி இரண்டு பக்கமாயிற்று. போன்கள் சிணுங்கின, விரல்கள் தள்ளின. எழுத்துக் கூட்டிப் படிக்கிற இரண்டு பேரும் பழையபடி கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்கள். அக்கா படிவத்தை நிரப்பினாள். தோள் வலி இருக்கிறவளுக்கு வேறு வேலைக்குப் போக வழி இல்லை, படிவத்தை எதிர்த்துப் போராட வேண்டும் என்ற வேகமும் அவளுக்கு இல்லை. ஐந்து மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு புதன்கிழமை, தூக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எழுந்து நிற்க முடியாதவர்களைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற ஒரு இயந்திரம் உண்டு. கனமான துணி ஒன்றை ஆளுக்கு அடியில் விரித்து, அதன் நான்கு பட்டைகளையும் இயந்திரத்தின் கொக்கிகளில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் ஆள் மெல்ல மேலே எழும்புவார். குழந்தையைத் தூளியில் போட்ட மாதிரியே இருக்கும் என்பதால் பணியாளர்கள் அந்தத் துணியைத் தூளி என்றுதான் சொல்வார்கள். சமீபத்தில் அனுப்பிய தூளிகளில் சிலவற்றில் தோள் பக்கத்துப் பட்டையின் தையல் சரியில்லை, முன்னெச்சரிக்கையாக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று கடிதம் சொன்னது. அந்த அலுவலகத்தின் கணக்கில் இயந்திரம் இருந்த வீடுகள் ஆறு.

அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

"ஆறே வீடுதான் சார். இப்பவே போன்ல சொல்லிடட்டுமா?"

"போன்ல சொன்னா, சொன்னதுக்கு என்ன ஆதாரம்? நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. அதுல போடுங்க. அவங்களே முன்னெச்சரிக்கைன்னுதானே போட்டிருக்காங்க."

அக்கா போட்டாள். ஒன்பதாவது தலைப்பில், படிவத்தின் மொழியில். 'குறிப்பிட்ட தொகுதி எண்களைச் சேர்ந்த தூக்குத் துணிகள் மறு அறிவிப்பு வரும் வரை பயன்பாட்டிலிருந்து விலக்கி வைக்கப்பட வேண்டும்.' கீழே ஆறு இலக்க எண்கள் மூன்று. நான்கு மணி இரண்டு நிமிடத்துக்குச் செய்தி போயிற்று.

அனுப்பிய பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமும் கேட்காமல், அந்த ஆறு வீடுகளுக்குப் போகிற பணியாளர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். முதல் நான்கு பேருக்குச் சொல்லி முடித்தாள். ஒவ்வொருவருக்கும் தூளியின் மூலையில் எண் எங்கே தைத்திருக்கும் என்பதிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது எண்ணை எடுக்கும்போது கணவர் கீழே வந்து நிற்பதாகச் சொல்லி அனுப்பினார். மகளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது, கடை ஆறு மணிக்குச் சாத்திவிடும். மீதி இரண்டு பேருக்கு வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அக்கா பையை எடுத்தாள்.

கண்ணாடிக் கடையில் மகள் பதினாறு சட்டங்களை மாட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சமைத்தார்கள், சாப்பிட்டார்கள். அக்கா மறந்துபோனாள். அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழு இருபது. ரயில் பாதையை ஒட்டிய ஒரு வீட்டில், ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரை ஓட்டக்காரி தூளியில் மேலே ஏற்றியிருந்தாள். அறுபத்தெட்டு வயது மனிதர். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு குழறும், புத்தி தெளிவு. இயந்திரத்தை நாற்காலிப் பக்கம் திருப்பும்போது தூளியின் இடது தோள் பக்கத்துப் பட்டையில் தையல் விட்டது. ஓட்டக்காரி பாய்ந்து தலைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். தலை அவள் கையில் விழுந்தது. இடுப்பு தரையில் விழுந்தது.

அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, தூளி பிஞ்சிருச்சு. ஐயா கீழ விழுந்துட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். ஆபீஸ்ல யாரும் எடுக்கல, அதான் உங்களுக்குப் பண்றேன்."

அக்கா கையிலிருந்த ஈரத் துணியை மறுபடி வாளியிலேயே போட்டாள். ஐந்தாவது எண் யாருடையது என்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆறாவது ஆளை உடனே கூப்பிட்டு, தூளியைத் தொடாதே என்றாள்.

சர்வேயருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஓட்டக்காரிக்கு மணிக்கட்டு பிசகி, கட்டுப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். தலை நரைத்தவர், எதையும் அவசரப்படாமல் கேட்பவர். மேலாளர் அவர் பக்கத்தில், எதிரே ஓட்டக்காரி, ஓரத்தில் அக்கா. மேசைமேல் வாரச் செய்தியின் இரண்டு பக்கமும் இருந்தன.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இது உங்க போனுக்கு வந்திருக்கு. நாலரைக்கு நீங்க திறந்ததாவும் காட்டுது. படிச்சீங்களாம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"திறந்தேன். படிக்கல."

"ஏன்?"

"மேல நோக்கம், அது இதுன்னு இருந்துச்சு. அதுக்குள்ள என் ஸ்டாப் வந்துடுச்சு. அப்புறம் படிக்கலாம்னு வெச்சிட்டேன்."

"ஒன்பதாவது குறிப்புல தெளிவா இருக்கு."

ஓட்டக்காரி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். எதிர்த்துப் பேசவில்லை. அது அந்த அறையில் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அம்மாள் ஒரு தாளை அக்கா பக்கம் நகர்த்தினார். குறிப்பிட்ட செய்தி குறிப்பிட்ட நேரத்தில் எல்லாப் பணியாளர்களுக்கும் தெரிவிக்கப்பட்டது என்பதற்கான தாள் அது. அனுப்பியவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா தாளைப் படித்தாள். பேனாவை எடுக்கவில்லை.

"அனுப்பினேன்னு எழுதியிருந்தா போடறேன் மேடம். தெரிவிச்சேன்னு இருக்கு. அதுல போட முடியாது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அக்கா வாரச் செய்தியைக் கையில் எடுத்து ஒன்பதாவது குறிப்பை வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டு ஓட்டக்காரியைப் பார்த்தாள்.

"தூக்குத் துணின்னா என்னம்மா?"

ஓட்டக்காரி மேலாளரை ஒரு தடவை பார்த்தாள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். "துவைக்கப் போடற துணியா?" என்றாள்.

"அது தூளி."

"தூளியா?" என்றாள் ஓட்டக்காரி. அவ்வளவுதான்.

"இவங்க அத்தனை பேரும் அதைத் தூளின்னுதான் சொல்வாங்க" என்றாள் அக்கா. "நானும் பதினோரு வருஷம் தூளின்னுதான் சொன்னேன். இப்படி எழுதினா புரியாதுன்னு எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். அதனால அன்னிக்கு சாயங்காலம் ஆறு பேருக்கும் போன் பண்ண ஆரம்பிச்சேன். நாலு பேருக்குப் பண்ணிட்டேன். அஞ்சாவது இவ."

"ஏன் பண்ணல?"

"நேரமாச்சு, வீட்டுக்குப் போனேன். அப்புறம் மறந்துட்டேன்."

தலைமை அலுவலக அம்மாள் அதையும் எழுதிக்கொண்டார். புதன்கிழமையே சொல்லிவிடலாம் என்று தான் கேட்டதை அக்கா சொல்லவில்லை. மேலாளரும் சொல்லவில்லை. அவர் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவருக்குக் கோபம் வந்தது.

"யாரு உன்னைக் கேட்டா? நீயா போய் ஏன் தலையைக் குடுக்கற?"

"தலையைக் குடுக்கல. கையெழுத்துக் கேட்டாங்க. போடலேன்னா ஏன்னு சொல்லணுமில்ல."

"வேலை போச்சுன்னா?"

"போச்சுன்னா போச்சு. கையெழுத்துப் போட்டிருந்தா அந்தப் பொண்ணு வேலை போயிருக்கும்" என்றாள் அக்கா. அன்று சாப்பிட்ட தட்டைக் கணவரே கழுவி வைத்தார். அப்படிச் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

வியாழக்கிழமை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் போகக் கூடாது என்றுகூட மேலாளர் சொல்லியிருப்பார், அவள் அவரிடம் கேட்கவில்லை. சர்வேயரின் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அக்கா தான் யார் என்பதையும், எந்தப் போனைச் செய்ய மறந்தாள் என்பதையும் நின்றபடியே சொன்னாள். அந்த அம்மாள் உரிப்பதை நிறுத்தினார். கத்தவில்லை. பக்கத்து நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார்.

அக்கா உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணை வேலையை விட்டு எடுத்துட்டீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"எடுக்காதீங்க. அன்னிக்கு இவர் தலையைப் பிடிச்சது அவதான். புதுசா ஒருத்தி வந்தா பிடிப்பாளான்னு எனக்குத் தெரியாது." பிறகு, "உங்களை என்ன சொல்றதுன்னும் எனக்குத் தெரியல" என்றார்.

படுக்கையிலிருந்து சர்வேயர் ஏதோ சொன்னார். அக்காவுக்குப் புரியவில்லை. மனைவி குனிந்து கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ரெண்டடி நாலு அங்குலமாம். விழுந்த உயரம். நேத்திலேர்ந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையே சொல்லிட்டிருக்கார். நர்ஸ் ஒருத்தங்க மூணடி இருக்கும்னு சொல்லிட்டாங்க, அதுல கோவம்."

சர்வேயர் இடது கையைத் தூக்கி இரண்டு விரல், பிறகு நான்கு விரல் காட்டினார். அளவு விஷயத்தில் தவறு நேரக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அக்கா தலையாட்டினாள்.

மேலாளர் அந்த வாரம் முழுக்க அக்கா பக்கம் வரவில்லை. ஸ்டோர் ரூமிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால்கூட வேறு ஆளை அனுப்பினார். அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனிக் கடிதம் புதன்கிழமையே வந்தது, பணியாளர்களுக்கு அன்றே போனில் தெரிவிக்க அலுவலக உதவியாளர் அனுமதி கேட்டார், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கச் சொன்னது நான்தான் என்று மூன்று வரி. அதன் நகலை அக்காவின் மேசையில் வைத்துவிட்டு, "எழுத்துல இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

யாருக்கும் வேலை போகவில்லை. ஓட்டக்காரி மூன்று வாரம் கை சரியாகும் வரை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினாள். அவள் பெயரில் எந்தக் குறிப்பும் ஏறவில்லை. அக்காவுக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை வந்தது. வாரச் செய்தி எழுதுவதும் அவள் கையிலிருந்து போயிற்று. மேலாளருக்கு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் சொல்லவில்லை. ஆனால் அவருடைய சட்டை முதல் தடவையாகக் கசங்கியிருந்ததாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். சர்வேயரின் குடும்பத்தோடு நிறுவனம் தனியாகப் பேசி முடித்துக்கொண்டது.

ஏழு வாரம் மேலாளரே வாரச் செய்தி எழுதினார். எட்டாவது வாரம் அக்காவின் மேசைக்கு வந்து நின்றார்.

"யாராவது படிக்கிறாங்களான்னு பாக்கறதுக்கு, நேத்து ஸ்டோர் ரூம் வாசல்ல நாலு பேர்கிட்டக் கேட்டேன். நாலு பேரும் படிச்சோம்னாங்க. என்ன இருந்துச்சுன்னு கேட்டேன். நாலு பேரும் நல்லா இருந்துச்சுன்னாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது.

"நீங்களே எழுதுங்க. படிவத்தை நான் பேசிக்கறேன்" என்றார்.

அவர் பேசினார். எல்லாம் கிடைக்கவில்லை. யாருக்கு எந்தக் காது கேட்கும் என்பது போன்ற விஷயங்கள் அந்தந்த வீட்டுக்குப் போகிறவருக்கு மட்டும் தனியாகச் சொல்லப்பட வேண்டும், பொதுவில் வரக் கூடாது என்பதில் தலைமை அலுவலகம் அசையவில்லை. அது சரி என்றே அக்காவும் நினைத்தாள். உபகரணம் பற்றி எந்தக் கடிதம் வந்தாலும் அன்றைக்கே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. பன்னிரண்டு தலைப்பு ஆறாயிற்று. நிறுவனத்தின் நோக்கம் கடைசிக்குப் போயிற்று. குரல் பதிவு திரும்பி வந்தது.

ஓட்டக்காரி பழைய ஓட்டக்காரியாகத் திரும்பவில்லை. மூன்று வீட்டை இரண்டாகக் குறைத்துக்கொண்டாள். இயந்திரம் இருக்கிற வீடு எதுவும் வேண்டாம் என்றாள், ஒன்றைத் தவிர. சர்வேயர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் மனைவி கேட்டபடி அங்கே மட்டும் போனாள். ஒவ்வொரு நாளும் தூளியை விரிக்கும் முன் நான்கு மூலைத் தையலையும் விரலால் இழுத்துப் பார்ப்பாள். சர்வேயர் அவள் இழுத்து முடிக்கும் வரை காத்திருப்பார். எந்த மூலையையாவது விட்டுவிட்டால் இடது கையால் சுட்டிக்காட்டுவார். நாற்காலியில் முன்பு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர், இப்போது கால் மணி நேரம் உட்கார்ந்தார். அதற்கு மேல் இடுப்பு தாங்கவில்லை.

அக்காவும் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, செய்தியை அனுப்பும் முன், ஓட்டக்காரிக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டுவாள். ஓட்டக்காரி அன்றைய வேலையை முடித்துவிட்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"புரியுதா?"

"நாலாவது புரியல."

"எது?"

"ஏதோ 'ஒருங்கிணைப்பு'ன்னீங்களே."

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கறது."

"அப்ப அப்படியே போடுங்களேன்."

அக்கா அப்படியே போடுவாள். சில வாரம் ஓட்டக்காரிக்குக் கேட்கப் பொறுமை இருக்காது; பஸ் வந்துடுச்சு என்பாள். அப்போது எந்தக் குறிப்பில் நிறுத்தினாளோ அதற்குப் பிறகு வருகிறதை அக்கா இன்னும் சுருக்குவாள்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சர்வேயர் இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை அக்கா செய்தியில் அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஓட்டக்காரி வராத நாட்களில் அங்கே போக இன்னும் இரண்டு பேர் மாற்று ஆளாக இருந்தார்கள். பெயர் சொல்லக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது. வெகு நேரம் யோசித்து எழுதி, வழக்கம்போல மூன்று மணிக்குப் படித்துக் காட்டினாள்.

"ரயில் பாதை ஓரத்துக் காலை ஏழு மணி வீடு இனிமேல் இல்லை."

மறுமுனையில் பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. ஓட்டக்காரி ஏறவில்லை போலிருக்கிறது.

"வீடு இல்லைன்னு போடாதீங்க அக்கா" என்றாள். "வீடு இருக்கு. அந்த அம்மா இருக்காங்க. நேத்துகூடப் போய்ட்டு வந்தேன்."

"அப்ப எப்படிப் போடறது?"

ஓட்டக்காரி யோசித்தாள்.

"அங்க நமக்கு இனிமே வேலை இல்லைன்னு போடுங்க."

அக்கா பழைய வரியை அடித்துவிட்டு அதை எழுதினாள். அடுத்த குறிப்பு கையுறையின் புது அளவுகளைப் பற்றியது. அதையும் படித்துக் காட்டினாள்.